எம்ஐடியின் லிஸ்ட் கலைக்கூடம்: உள்ளே கொஞ்சம், வெளியே நிறைய

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குரோம்பேட்டை எம்ஐடி இல்லை. பாஸ்டனுக்கு எதிர்க்கரையில், கேம்பிரிட்ஜில் இருக்கும் மாசசூசெட்ஸ் எம்ஐடி. அங்கே லிஸ்ட் விஷுவல் ஆர்ட்ஸ் சென்டர் என்று ஒரு சமகாலக் கலைக்கூடம் இருக்கிறது. பாஸ்டனுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் எம்ஐடியின் பெரிய டோம் முன்னால் நின்று ஒரு போட்டோ, அப்புறம் ஹார்வர்டுக்குப் போய் அங்கே இருக்கும் ஜான் ஹார்வர்ட் சிலையின் ஷூ நுனியைத் தேய்த்து ஒரு போட்டோ, அதோடு கிளம்பிவிடுவார்கள். லிஸ்ட் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, எட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் "இதுக்கா வந்தோம்?" என்று கேட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்தது அந்தக் கலைக்கூடத்தின் சின்னப் பகுதியைத்தான், பெரும்பகுதி வெளியே வளாகம் முழுக்கக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

போவதற்கு ரெட் லைன் ரயில்தான் சரி. கார் எடுத்துக்கொண்டு கெண்டல் சதுக்கத்துக்குப் போனால் பார்க்கிங்குக்குக் கொடுக்கும் காசு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும், கலை மண்டையில் ஏறாது. கெண்டல்/எம்ஐடி நிலையத்தில் இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் குழாய் மணிகள் வரிசையாகத் தொங்கும், பிளாட்பாரச் சுவரில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை முன்னும் பின்னும் ஆட்டினால் சுத்தியல்கள் மெல்ல ஊசலாடத் தொடங்கும், கொஞ்ச நேரம் விடாமல் ஆட்டினால்தான் மணியில் படும். ஓவியர் ஹென்றி மத்தீஸின் பேரன் பால் மத்தீஸ் 1987இல் செய்து வைத்தது. இதற்கும் லிஸ்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வட்டாரத்தின் குணம் அதில் தெரிந்துவிடும்: தொடக்கூடாது என்று எழுதிவைக்காமல், தொட்டு ஆட்டு என்று விட்டுவிட்ட கலை. நடுவில் பழுதானபோது எம்ஐடி மாணவர்களே இறங்கிச் சரிசெய்தார்கள்.

நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஏம்ஸ் தெருவில் வெள்ளைவெளேர் என்று, சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட ஒரு கட்டடம் நிற்கும். வீஸ்னர் கட்டடம், லிஸ்ட் இருப்பது இதற்குள்தான். 1985இல் திறந்தது, வடிவமைத்தவர் ஐ.எம். பெய். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைக் கட்டியவரேதான், எம்ஐடியில் படித்தவரும்கூட. அவ்வளவு பெரிய ஆள் கட்டியதற்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'பெய் டாய்லெட்'. குளியலறை டைல்ஸை வெளியே ஒட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு, ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கட்டடத்தை வேறு மாதிரி பார்க்கவே முடியாது. ஆனால் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த வெள்ளைக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணக் கோடுகள் ஓடும், அது கென்னத் நோலண்ட் என்ற ஓவியர் செய்தது. உள்ளே உட்காரும் வளைந்த இருக்கையும் ஒரு கலைஞர் செய்ததுதான், ஸ்காட் பர்ட்டன். வெளியே காலடியில் இருக்கும் கல் பாவிய முற்றமும் ரிச்சர்ட் ஃப்ளைஷ்னர் என்பவருடைய வேலை. கட்டடம் கட்டி முடித்த பிறகு சுவரில் ஒரு படத்தை மாட்டுவதற்குப் பதிலாக, கட்டும்போதே கலைஞர்களையும் உட்காரவைத்துப் பேசிக் கட்டியிருக்கிறார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் கலைப்படைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியுமோ!

சரி, உள்ளே. அனுமதி இலவசம். மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறார்கள், திங்கள் விடுமுறை. காலையிலேயே போய் நிற்காதீர்கள். ஹேடன், பாகலர் என்று இரண்டு கூடங்கள், கூடவே சின்னதாக இன்னும் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிரந்தரமாக மாட்டிவைத்த எதுவும் இங்கே கிடையாது, ஒரு கண்காட்சி ஓடும், முடியும், அதைக் கழற்றி அடுத்ததை மாட்டும்வரை கூடம் மூடியிருக்கும். ஆகவே போவதற்கு முந்தின நாள் இணையதளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனால் ஓவியர் மோனே இருப்பார், நிச்சயம். இங்கே அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை. இன்று இருட்டறையில் வீடியோ ஓடும், மூன்று மாதம் கழித்துப் போனால் அதே அறையில் மண்ணைக் கொட்டிவைத்திருப்பார்கள்.

அந்தச் சூதாட்டம் பிடித்தவர்களுக்குத்தான் இந்த இடம். எனக்குப் பிடித்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2022 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை 'சிம்பியான்ட்ஸ்' என்று ஒரு குழுக் கண்காட்சி நடந்தது, கூட்டுயிர் வாழ்க்கை பற்றி. பாக்டீரியா, பூஞ்சை, செடி எல்லாவற்றையும் வேலையில் சேர்த்துக்கொண்ட கலைஞர்கள். அதில் கேண்டிஸ் லின் என்பவருடைய படைப்பு ஒன்று, பார்க்க மிகச் சாதாரணம்: பிளாஸ்டிக் பையில் வளரும் வெள்ளைக் காளான், பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, பித்தளைத் தெளிப்பான் ஒன்று. என்ன என்ன பொருட்களால் ஆனது என்ற குறிப்பைப் படித்தால்தான் விஷயம் புரியும், அந்த ஜாடியில் இருப்பது கண்காட்சியை நடத்துகிற இடத்து ஆட்களின் சிறுநீரை வடித்து எடுத்தது, அதைத்தான் காளானுக்குத் தெளிக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு ஜோடி குறிப்பைப் படித்ததும் ஓரடி பின்னால் போனது. வயலுக்குப் பஞ்சகவ்யம் கரைத்துத் தெளிக்கும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை, ஆனால் வேறொன்று உறைத்தது: ஒரு கலைக்கூடத்தின் ஊழியர்கள் வழக்கமாகக் கலைப்பொருளைத் துடைப்பார்கள், பூட்டுவார்கள், காவல் நிற்பார்கள், இங்கே அவர்கள் உடம்பே அதற்குத் தீனி போடுகிறது. நாலு மாதம் தினமும் அதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். படம் சாகாது, இது சாகும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்காட்சியில் மனதில் நின்றது அந்தக் காளான்தான், மற்றவை பாதிக்கு மேல் மறந்துவிட்டன.

இந்த அறிவியல் சாயல் தற்செயல் இல்லை. எம்ஐடியில் 1967லேயே கியோர்கி கெபெஷ் என்ற ஹங்கேரிக்காரர் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ஒரு மையம் தொடங்கினார், பின்னால் ஓட்டோ பீனே என்ற ஜெர்மன் கலைஞர் அதை நீண்ட காலம் நடத்தினார். லிஸ்ட் அதைவிடப் பழைய கிளை, 1950இல் ஹேடன் நூலகத்தோடு சேர்ந்து ஹேடன் கேலரி என்று ஆரம்பித்தது, 1985இல் வேரா லிஸ்ட், ஆல்பர்ட் லிஸ்ட் தம்பதியின் நன்கொடையால் இப்போதைய பெயருக்கும் இடத்துக்கும் மாறியது. அளவைப் பார்த்துக் குறைத்து எடைபோட்டுவிட வேண்டாம், 2015இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கை ஏற்று நடத்தியது இந்தச் சின்னக் கூடம்தான். அப்போது காட்டப்பட்ட ஜோன் ஜோனஸ் எம்ஐடியிலேயே பல வருடம் பாடம் நடத்தியவர்.

குறை என்று சொன்னால், சுவரில் ஒட்டும் அறிமுக உரைகள். இது லிஸ்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, சமகாலக் கலை உலகம் முழுக்க இந்த மொழியில்தான் எழுதுகிறது. ஒரு பத்தியில் நாலு தத்துவவாதிகள், கடைசியில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கயிறா கம்பியா என்பதே மறந்துபோகும். என் யோசனை, முதல் சுற்றில் எதையும் படிக்காமல் நடந்துவிடுங்கள். எது உங்களை நிறுத்துகிறதோ அதற்கு மட்டும் திரும்பி வந்து, பெயரையும் பொருள் பட்டியலையும் மட்டும் படியுங்கள். காளான் விஷயத்தில் எனக்குக் கதவைத் திறந்தது அந்தப் பொருள் பட்டியல்தான், பெரிய உரை இல்லை. சந்தேகம் இருந்தால் அங்கே நிற்கும் இளைஞர்களிடம் கேளுங்கள், பேசுவார்கள். வேறொரு பல்கலைக்கழகத்தின் காட்சிக்கூடம், பெயர் வேண்டாம், அங்கே காவலர் நான் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை மூன்றடி பின்னாலேயே வந்தார், கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே அந்த இறுக்கம் இல்லை.

இப்போது வெளியே. எம்ஐடியில் 1968லிருந்து ஒரு வழக்கம், புதுக் கட்டடம் கட்டினாலோ பெரிதாகப் புதுப்பித்தாலோ அந்தச் செலவில் ஒரு பங்கை அந்த இடத்துக்கென்றே செய்யும் கலைக்கு ஒதுக்குவது. அதைப் பார்த்துக்கொள்வது லிஸ்ட். ஆகவே வளாகம் முழுக்கச் சிற்பங்கள், சுவர்கள், தரைகள், கூரைகள். இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது, போனில் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

ஊரிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் அழைத்துப்போனபோது நான் உள்ளே கூட்டிக்கொண்டே போகவில்லை, நேராக வெளியேதான். மாமா பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் முதலில் அஸ்திவாரத்தைப் பார்ப்பார். அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பியின் 'பெரிய பாய்மரம்' முன்னால் நிறுத்தினேன். 40 அடி உயரம், 33 டன், கறுப்பு எஃகுத் தகடுகள், 1965இல் செய்தது. மாமா சுற்றிச் சுற்றி வந்து போல்ட்டுகளை எண்ணினார், தகட்டுக்கு முட்டுக் கொடுத்த விலாக்களைத் தட்டிப் பார்த்தார், "பெயின்ட் பண்ணித்தான் வச்சிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார். பின்னால் நிற்கிற 21 மாடி கிரீன் கட்டடமும் பெய்யுடையதுதான். அடியில் தூண்களுக்கு நடுவே திறந்தவெளியாக விட்டுவிட்டதால் ஆற்றிலிருந்து வரும் காற்று அங்கே குவிந்து அடிக்கும், ஒரு காலத்தில் பலத்த காற்று வீசினால் கதவையே திறக்க முடியாதாம். அந்தக் காற்றைத் தடுக்கத்தான் இந்தப் பாய்மரத்தை நிறுத்தினார்கள் என்று வளாகத்தில் ஒரு கதை உண்டு. கதைதான், உண்மை இல்லை. ஆனால் மாமாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, அப்படியானால் இதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்று. உண்மை இல்லை மாமா என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. (அதே கட்டடத்தின் ஜன்னல்களில் 2012இல் மாணவர்கள் விளக்கு வைத்து டெட்ரிஸ் விளையாட்டை ஓட்டினார்கள் என்று சொன்னதும் சமாதானம் ஆனார். அது லிஸ்ட் கணக்கில் வராது, வந்திருக்க வேண்டும்.)

அடுத்தது சால் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞரின் தரை. ஆறாம் எண் கட்டடத்தை ஒட்டிய இயற்பியல் துறை நடுமுற்றத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே 5,500 சதுர அடிக்குத் தரை முழுக்க வண்ணச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வளைவும் பட்டையுமாக நிறங்கள். அத்தை ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"மிதிக்கலாமாடா?"

"எல்லாரும் மிதிச்சுக்கிட்டுதான் போறாங்க அத்தை, வாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் காபிக் கோப்பையோடு குறுக்கே நடந்து போனான், கீழே பார்க்கவே இல்லை. அத்தை அப்படியும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். மாமா குனிந்து விரலால் தடவிப் பார்த்து, "இது நம்ம மொசைக் தரைடா, சிமென்ட்டுக்குப் பதிலா எபாக்ஸி, சலவைக்கல் சில்லுக்குப் பதிலா கண்ணாடி" என்றார். சரியாகச் சொன்னார், பொருள் அதுதான். இரண்டு நிறம் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய உலோகப் பட்டி ஓடும், அதன் இருபுறமும் சில்லுகள் கலக்காமல் கச்சிதமாக நிற்கும், அந்த வளைவுகளில் ஒரு பிசிறு இல்லை. லெவிட் இதைக் கையால் செய்யவில்லை. அவர் வழக்கமே அதுதான், திட்டத்தை வரைந்து விதியை எழுதிக் கொடுத்துவிடுவார், போடுகிறவர்கள் போடுவார்கள். 2007 ஏப்ரலில் அவர் இறந்துபோனார், தரை அதே வருடம் முடிந்தது. "வரைஞ்சவர் ஒருத்தர், பூசினது கொத்தனார், பெயர் வரைஞ்சவருக்கு. எங்க டிபார்ட்மென்ட்லயும் அப்படித்தான்" என்று மாமா சொன்னதில் கொஞ்சம் கசப்பும் இருந்தது. மேல் மாடி ஜன்னல்களிலிருந்து பார்த்தால் முழு வடிவமும் தெரியும், தவறவிடாதீர்கள். கீழே நின்றால் நிறம்தான் தெரியும், மேலே போனால்தான் கணக்கு தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஐடி.நானோ என்ற நானோ ஆய்வுக்கூடக் கட்டடத்தின் கீழ்வழியில் ஒலாஃபர் எலியாசன் 2018இல் செய்தது, கூரையில் உருகும் பனிப்பாளங்கள் போல வெட்டிய பளபளப்பான எஃகுத் தகடுகள், அதில் பாதி வளையமாக விளக்குகள், பிரதிபலிப்போடு சேர்ந்து முழு வளையமாகத் தெரியும். நின்று தலையைத் தூக்கினால் நீங்களும் அதில் தலைகீழாக இருப்பீர்கள். மாலை இருட்டியதும் போங்கள். மாணவர் மையத்துக்கு வெளியே ஜோமே பிளென்ஸாவின் 'ரசவாதி', முழங்காலைக் கட்டி உட்கார்ந்த 15 அடி மனிதன், உடம்பு முழுக்க எண்களும் கணிதக் குறிகளும். உள்ளே வெற்றிடம், நுழைந்து நிற்கலாம், அதனால் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு அது கொஞ்சம் சுலபமாகத் தோன்றுகிறது. எம்ஐடி என்றால் கணக்கு, ஆகவே எண்ணால் ஒரு மனிதன், இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் போட்டோவுக்கு வரிசை அங்கேதான் நிற்கிறது, என் கருத்தை யார் கேட்டார்கள். லூயிஸ் நெவல்சனின் கறுப்புச் சிற்பம் கிழக்கு வளாகத்தில் இருக்கிறது, 1975. முதல் பார்வையில் கோபம் வரும், இருந்தாலும் அதை ஒருமுறை சுற்றி வாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு ஆளாகத் தெரிகிறது.

இவ்வளவுக்கும் மேலே, நான் இந்தக் கூடத்துக்கு மதிப்பெண் போடுவது வெளியாட்களால் பார்க்கவே முடியாத ஒன்றுக்காக. மாணவர்களுக்கு ஓவியம் கடன் கொடுக்கும் திட்டம். நிஜ ஓவியங்கள், அச்சுப்பிரதிகள், புகைப்படங்கள், சட்டம் போட்டு 600க்கு மேல் வைத்திருக்கிறார்கள். கல்வியாண்டு தொடங்கும்போது அத்தனையையும் கூடத்தில் பரப்பி வைக்கிறார்கள், மாணவர்கள் வந்து பார்த்து வேண்டியதை எழுதிக் கொடுக்கிறார்கள், குலுக்கலில் விழுந்தவர்கள் வீட்டுக்கோ விடுதி அறைக்கோ எடுத்துப்போகலாம், வருடக் கடைசியில் திருப்பிக் கொடுத்தால் போதும். காசு கிடையாது. ஒரு பத்தொன்பது வயசுப் பிள்ளை, மூன்று பேர் வந்தால் நிற்க இடமில்லாத அறையில், கசங்கிய போர்வைக்கும் நூடுல்ஸ் கெட்டிலுக்கும் மேலே அசலான ஒரு படைப்பை மாட்டிக்கொள்கிறது. காட்சிக்கூடத்தில் ஒரு படத்துக்கு முன்னால் நாம் நிற்பது அரை நிமிடம், அதுவும் பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தோடு. அந்தப் பிள்ளை அதை ஒரு வருடம் பார்க்கிறது, பல் தேய்க்கும்போது, தேர்வில் சொதப்பிவிட்டு வந்து படுக்கும்போது, அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது. பிடிக்காமல் போகலாம், நவம்பரில் சலித்துப்போகலாம், அதுவும் ஒரு பார்வைதான். சமகாலக் கலை புரியவில்லை என்று சொல்கிறவர்களுக்குத் தேவை விளக்கம் இல்லை, கூட இருக்கிற நேரம் என்பது என் எண்ணம், அந்த நேரத்தை இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிற இடம் நான் வேறு பார்த்ததில்லை. உடைந்தால், காணாமல் போனால் என்ற பயம் நிச்சயம் இருக்கும், இருந்தும் கொடுக்கிறார்கள். நம் ஊர்க் கலைக் கல்லூரிகளில் மாணவர் ஓவியங்கள் வருடக்கணக்கில் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கின்றன, அதில் பத்தை எடுத்து இன்ஜினியரிங் விடுதிக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் பிள்ளையோ தம்பியோ தங்கையோ எம்ஐடியில் படித்தால், அவர்கள் இந்தத் திட்டத்தில் பெயர் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்பதோடு சேர்த்து.

யார் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் ஒரே ஒரு நாள்தான், அதுவும் ஓவியம் பார்க்க வேண்டும் என்பவர்கள் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வருபவர்கள் வெளிச் சிற்பங்களை நம்பி வர வேண்டாம், அந்தக் காற்றில் கால்டர் முன்னால் ஒரு நிமிடம் நிற்பதே தண்டனை. அப்போது லெவிட் தரையும் கூடத்துக் கண்காட்சியும் மட்டும் போதும், கட்டடத்துக்குக் கட்டடம் உள்வழியாகவே பெரும்பாலும் நடந்துவிடலாம். மே முதல் அக்டோபர் வரை என்றால் மதியம் ஒரு மணிக்கு ஏம்ஸ் தெருவில் தொடங்குங்கள், கூடத்தை முடித்துவிட்டு கிரீன் கட்டடம், நெவல்சன், லெவிட் தரை, கடைசியில் மாசசூசெட்ஸ் அவென்யூவைக் கடந்து பிளென்ஸா. எலியாசனை மட்டும் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் ஒன்று. பெரியவர்களோடு போனால் நடுவில் உட்கார இடம் வேண்டும், அதற்குத்தான் ஸ்காட் பர்ட்டன் இருக்கை இருக்கிறதே, தயங்காமல் உட்காருங்கள்.